கட்டிங் மேஜையில் ஒரு கம்ப்யூட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் தையல்காரி தன் கட்டிங் மேஜையைக் காலி செய்துவிட்டாள். கத்தரிக்கோல், சாக்கட்டி, இஞ்ச் டேப், பாதி தைத்துக் கிடந்த பாவாடை எல்லாம் கட்டிலுக்குப் போயின. மேஜையை ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தாள். பிறகு ஏழு அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள்.

"ஏழு பெட்டியா? கம்ப்யூட்டர் ஒண்ணுதானே வாங்கினே?" என்றார் கணவர், வாயில் பிரஷ்ஷோடு.

"ஏழையும் சேர்த்தாத்தான் ஒண்ணு."

"அப்போ ஒவ்வொண்ணா குடு, நான்..."

"நீங்க எதையும் தொடக் கூடாது. நேத்தே பேசியாச்சு."

அவர் லிஃப்ட் மெக்கானிக். திருப்புளியைக் கண்டாலே கை நமைக்கும். இருந்தாலும் சொன்ன வாக்கைக் காப்பாற்ற இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் கண்காணிக்க வந்தவர் மாதிரி நின்றார்.

அந்தக் கம்ப்யூட்டரை அவளே பாகம் பாகமாகப் பூட்ட வேண்டும் என்று நின்றதற்குக் காரணம் இருந்தது. அவளிடம் எம்பிராய்டரி மெஷின் ஒன்று உண்டு. எழுத்தையோ படத்தையோ கம்ப்யூட்டரில் தையலாக மாற்றி, பென் டிரைவில் போட்டுச் சொருகினால் மெஷின் தானாகவே தைத்துவிடும். அந்த மாற்றும் வேலைக்கு மூன்று வருஷமாக அண்ணனின் பிரிண்டிங் கடையைத்தான் நம்பியிருந்தாள். தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழுவரை, கடையின் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர் அவளுக்கு. ஏழடித்தால் எழுந்துவிட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அவள் உட்கார்ந்திருந்தபோதே அந்தக் கம்ப்யூட்டர் அணைந்துபோனது. திறந்து பார்த்த ரிப்பேர்காரர், உள்ளே தலையணைப் பஞ்சு மாதிரி தூசி அடைத்திருக்கிறது என்றார். ஆனால் அண்ணன், கடையில் நின்ற நாலு பேருக்கு முன்னால், "என் தங்கச்சி கை பட்டா எந்த மிஷினும் படுத்துக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பேச்சு கடையிலேயே தங்கிவிட்டது. அவள் நாற்காலியை இழுத்தாலே, காகிதம் வெட்டுகிறவர்கூட "அக்கா, பார்த்துத் தொடுங்க" என்பார். அவள் பதில் பேசியதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். சொல்லிச் சொல்லி, போகப் போக அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அண்ணன் கடையில் மவுஸைப் பிடித்தால் ஒவ்வொரு கிளிக்குக்கும் இரண்டு தடவை யோசிப்பாள். தையல் மெஷின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஊசி கோப்பாள். அங்கே போனால் அந்தக் கை வேறு யாருடைய கையோ ஆகிவிடும்.

இப்போது ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவிலிருந்து பெரிய வேலை வந்திருந்தது. நாற்பது வெள்ளைக் கோட்டுகள். ஒவ்வொன்றின் மார்பிலும் பெயரும் பதவியும் தைத்துத் தர வேண்டும். மாதிரிக்கு ஒரு கோட்டு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் மேஜையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அண்ணன் கடையிலோ வாரம் முழுக்க நோட்டீஸ் வேலை. ஆறு மணிக் கணக்கெல்லாம் அந்த வாரம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அதனால்தான் உதிரிப்பாகக் கடைக்குப் போனாள். கல்லாவில் இருந்த அம்மாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"ரெடிமேட் வேணுமா, நீங்களே பூட்டிக்கிறீங்களா?"

"நானேவா?" என்று தையல்காரி பின்வாங்கினாள்.

"தையல் மிஷின் மக்கர் பண்ணினா யார் கழட்டுவா?"

"நான்தான்."

"அப்புறம் என்ன? நீங்க பூட்டினா எது எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். ரிப்பேர்னா ஆளைத் தேடி ஓட வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைப் பிடித்துக்கொண்டது. கடைக்காரம்மா ஒரு பெட்டியின் பின்பக்கத்தில் பேனாவால் கிறுக்கியபடியே சொல்லிக்கொண்டு போனார். "பிராசஸரை வைக்கணும், அழுத்தக் கூடாது. அதுவா உட்காரும். ரேமை அழுத்தணும், வைக்கக் கூடாது. ரெண்டு முனையிலயும் டக்குனு சத்தம் வரணும். பிராசஸர் மேல வர்ற ஃபேனுக்கு அடியில பாலிதீன் ஒட்டியிருந்தா கிழிச்சிடுங்க. நிறைய பேர் அதோடயே மாட்டிட்டு, சூடாகுது சூடாகுதுன்னு என் உயிரை வாங்குறாங்க. அப்புறம், மதர்போர்டைத் தொடறதுக்கு முன்னாடி ஏதாவது பெரிய இரும்பைத் தொட்டுக்குங்க. உடம்புல கரண்ட் இருக்கும்."

"நைலான் துணி தைக்கும்போது பட்பட்டுனு அடிக்குமே, அதுவா?"

கடைக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஒருமுறை பார்த்தார். "அதேதான்" என்றார்.

ஆகவே இன்று அவள் பருத்திப் புடவை கட்டியிருந்தாள். வளையலைக் கழற்றிவிட்டாள். ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு முதல் பெட்டியைப் பிரித்தாள்.

காலை வேலை நன்றாகத்தான் போனது. பிராசஸரை விரல் நுனியால் பிடித்து, மூலையில் இருந்த சின்ன முக்கோணத்தைப் பார்த்து வைத்தாள். அது பட்டன் துளையில் பட்டன் நுழைவது போல இறங்கியது. ரேமை அழுத்த மட்டும் மனசு வரவில்லை. கட்டைவிரலை வைத்து வைத்து எடுத்தாள்.

"அழுத்து, ஒண்ணும் ஆகாது" என்றார் கணவர்.

"உடைஞ்சிட்டா?"

"உடைஞ்சா நான் அழறேன். நீ அழுத்து."

டக், டக் என்று இரண்டு சத்தம் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு கேபினெட், அதாவது எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டி. அதோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் திருகாணிகளும் ஒன்பது குட்டிப் பித்தளைக் கால்களும் இருந்தன. மதர்போர்டு இரும்பில் நேராகப் படாமல் கொஞ்சம் தூக்கலாக நிற்பதற்காக அந்தக் கால்கள். பெட்டியின் தட்டில் ஏகப்பட்ட துளைகள் இருந்தன. அவள் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து, துளை பார்த்து, ஒன்பதையும் இறுக்கினாள். மேலே மதர்போர்டை வைத்துத் திருகாணி போட்டாள். இடது கையால் பாபின் டப்பாவிலிருந்து திருகாணி எடுப்பதும் வலது கையால் திருகுவதுமாக வேலை ஓடியது. வயர்களைச் சொருகி, தொங்கியதையெல்லாம் நூல்கண்டு மாதிரி அழகாகச் சுருட்டிக் கட்டினாள். பன்னிரண்டே காலுக்கு மானிட்டரை இணைத்து, பிளக்கைச் சொருகி, ஸ்விட்சை அழுத்தினாள்.

ஃபேன் கால் சுற்று சுற்றிவிட்டு நின்றது.

மறுபடி அழுத்தினாள். மறுபடி கால் சுற்று. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

"பிளக் லூஸா இருக்குமோ?" என்றார் கணவர். பார்த்தார்கள், இல்லை. ரேமைக் கழற்றிப் போட்டாள். எல்லா வயரையும் பிடுங்கிச் சொருகினாள். ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. ஃபேன் தும்மல் வருவது போல் வந்து, வராமல் போய்க்கொண்டிருந்தது. கணவர் அடுப்பைப் பற்றவைத்துச் சோறு வைக்கப் போனார். மெக்கானிக்கே விட்டுவிட்டுப் போனதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு அண்ணன் வந்தார். அந்தப் பக்கம் வேலையாக வந்தாராம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன, ஓடுதா?"

"இல்லேண்ணா."

"நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. ரெடிமேடா ஒண்ணு வாங்கிட்டு நிம்மதியா இருக்கலாம்ல. உன் கைக்கும் மிஷினுக்கும்தான் ஆகாதே."

"மச்சான், தண்ணி குடிங்க" என்று கணவர் டம்ளரை நீட்டினார். வாயை அடைக்கத்தான்.

அண்ணன் தண்ணீரைக் குடித்துவிட்டு மேஜையைப் பார்த்தார். தங்கையின் முகத்தையும் பார்த்தார். குரல் இறங்கியது. "சரி விடு. கடைச் சாவி என்கிட்டதான் இருக்கு. வா, இப்பவே தொறந்துவிடறேன். உன் கோட்டு வேலையை முடிச்சுக்கோ. இதையெல்லாம் மூட்டை கட்டி வை, நாளைக்கு ஒரு ஆளை அனுப்பறேன், அவன் பார்த்துப்பான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் மறுப்பது சுலபம். அவர் உண்மையாகவே உதவத்தான் நினைத்தார். கிளம்பினால் மாலைக்குள் மாதிரி தயாராகிவிடும், நாற்பது கோட்டும் கைக்கு வந்துவிடும். அடுத்த வாரத்திலிருந்து மறுபடியும் ஆறு மணி, மூலை நாற்காலி, பார்த்துத் தொடுங்க அக்கா.

"ஆறு மணி வரைக்கும் பார்க்கிறேண்ணா" என்றாள். "முடியலேன்னா போன் பண்றேன். அப்ப தொறந்துவிடு."

"அடம். சரி, ஆறு மணி" என்றார் அண்ணன். படியிறங்கிப் போகும்போது, "கரண்ட் அடிச்சிடப் போகுது, பார்த்து!" என்று கீழேயிருந்து கத்தினார்.

அவள் ரசீதைத் தேடி எடுத்து அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். அறிமுகமில்லாதவர்களிடம் போனில் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று ஒட்டிக்கொள்ள நேரமில்லை.

"இன்னிக்குக் கடை லீவு" என்றது கடைக்காரம்மாவின் குரல். "நானே தலைக்கு டை போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன். போன்ல எல்லாம் ஒட்டுது. யாரு?"

"நைலான்... அன்னிக்கு நைலான் துணின்னு சொன்னேனே."

"ஓ, டெய்லரா! என்னாச்சு?"

ஃபேன் கால் சுற்று சுற்றி நிற்பதைச் சொன்னாள்.

"எல்லாத்தையும் வெளியே எடுங்க. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி இருக்குல்ல, அது மேலயே வையுங்க. பிராசஸர், அதோட ஃபேன், ஒரு ரேம், பவர் சப்ளை, மானிட்டர். அவ்வளவுதான், வேற ஒண்ணும் வேணாம். ஸ்விட்ச் வயர் சொருகின ரெண்டு ஊசி இருக்கு பாருங்க, அதை ஸ்க்ரூடிரைவர் நுனியால ஒரே ஒரு தடவை தொடுங்க. ஷாக் அடிக்காது. வெளியே ஓடினா சாமான் நல்லாயிருக்கு, தப்பு பெட்டிக்குள்ள. வெளியவும் ஓடலேன்னா நாளைக்குக் கொண்டுவாங்க."

"கட்டின வயரெல்லாம் பிரிக்கணுமா?"

"ஓடுறதுக்கு முன்னாடியேவா கட்டினீங்க? ஓடினப்புறம்தான் அலங்காரம். போனை வைக்கிறேன், காதுக்குள்ள டை போகுது."

தையலில் பிரிப்பது போல் மனசை அறுக்கும் வேலை வேறில்லை. ஆனால் பிரிக்கத் தெரியாதவள் தைக்கவும் லாயக்கில்லை என்பது அவளுக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு, காலையில் கட்டிய ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்தாள். மதர்போர்டைத் தூக்கி அட்டைப்பெட்டி மேல் வைத்தாள். இரண்டு ஊசிகளையும் மதர்போர்டோடு வந்த புத்தகத்துப் படத்தோடு மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"நான் மெயினுக்குப் பக்கத்துல நிக்கிறேன்" என்றார் கணவர். "ஏதாவதுன்னா ஆஃப் பண்ணிடறேன். இது தொட்டதா ஆகாது இல்லே?"

"ஆகாது. நில்லுங்க."

ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்தாள். ஃபேன் கால் சுற்று சுற்றியது, அரைச் சுற்று, ஒரு சுற்று, பிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடியது. கறுப்பாக இருந்த மானிட்டரில் வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன.

"ஓடுதுடி!" என்று கணவர் துள்ளினார்.

"இன்னும் இல்லே" என்றாள். சாமான் நன்றாக இருக்கிறது. அப்படியானால் தப்பு பெட்டிக்குள்.

அணைத்தாள். மதர்போர்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். பின்பக்கம் எம்பிராய்டரித் துணியின் உள்பக்கம் மாதிரி இருந்தது. பூவெல்லாம் முன்னால், முடிச்செல்லாம் பின்னால். ஆயிரம் ஈய முடிச்சுகள். அவற்றில் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி ஒரு மஞ்சள் தேய்ப்பு இருந்தது.

அடுத்து அவள் செய்தது எந்தப் புத்தகத்திலும் இருந்ததில்லை. அளவு வெட்டுகிற காகிதத்தில் ஒரு துண்டு கிழித்தாள். சட்டைக்கு அளவு எடுப்பது போல, மதர்போர்டை அதன் மேல் வைத்து ஓரம் வரைந்து, அதன் துளைகளுக்கு நேராகப் பென்சிலால் குறி வைத்தாள். ஆறு குறிகள் விழுந்தன. அந்தக் காகிதத்தைக் கேபினெட் தட்டின் மேல் விரித்து விரலால் தடவினாள். ஆறு குறிகளுக்கு அடியிலும் ஆறு பித்தளைக் கால்கள் தட்டுப்பட்டன. இரண்டு கால்கள் காகிதத்துக்கு வெளியே நின்றன. காலையில் அவற்றைப் பார்த்து, வேறு எதற்கோ போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். இன்னும் ஒன்று, காகிதத்தின் நடுவயிற்றில், குறியே இல்லாத இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

அதுதான் ஈய முடிச்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் போக வேண்டிய வழியில் போகாமல் இரும்புக்குள் இறங்கியிருக்கிறது. பவர் சப்ளை பயந்துபோய், ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். உறையில் ஒன்பது இருந்தது, ஒன்பதையும் போட்டாள். ஏன் என்று யோசிக்கக்கூட இல்லை. பதினெட்டு வருஷப் பழக்கம். ஒரு சட்டைக்கு ஒன்பது பட்டன் கொடுத்தால் ஒன்பதையும் தைத்துத்தான் கொடுக்க வேண்டும். கையில் ஒன்று மிஞ்சினால் எங்கோ ஓர் இடத்தை விட்டுவிட்டாள் என்று அர்த்தம். அந்தக் கம்பெனிக்காரன் பெரிய போர்டுக்கும் சின்ன போர்டுக்கும் சேர்த்து உறை போட்டிருப்பான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"என்ன, தலையில கை வச்சுட்டே?" என்றார் கணவர்.

"என் கை சரியாத்தாங்க இருக்கு" என்றாள் மெதுவாக. "புத்திதான் தையல்காரி புத்தி."

மூன்று கால்களையும் கழற்றினாள். காகிதத்தை இன்னொரு தடவை வைத்துச் சரிபார்த்தாள். மதர்போர்டை இறக்கி ஆறு திருகாணி போட்டாள். வயர்களைச் சொருகினாள், கட்டவில்லை. நாலே முக்கால் மணிக்கு ஸ்விட்சை அழுத்தினாள். ஃபேன் ஓடியது, நிற்கவில்லை. விண்டோஸ் ஏற்றுவதற்குக் கடைக்காரம்மா கொடுத்திருந்த பென் டிரைவைச் சொருகியதும் திரையில் நீலப் பட்டை ஒன்று ஆமை மாதிரி நகர்ந்தது. நகரட்டும் என்று இருவரும் அதன் எதிரில் உட்கார்ந்து, மதியம் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார்கள்.

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தபோது போன் செய்தாள். "தொறக்க வேணாம்ணா. ஓடுது."

"நிஜமாவா? என்னதான் தப்பாம்?"

சாமானில் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. அவள், "ஒரு பட்டன் அதிகமா தச்சிட்டேண்ணா" என்று ஆரம்பித்து, ஒன்பது கால் கதை முழுவதையும் சொன்னாள். அண்ணன் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. பின்னாலிருந்து அண்ணி என்ன என்ன என்று கேட்பதும், அவர் மூச்சு வாங்க விளக்குவதும் கேட்டது. அவள் காத்திருந்தாள். எப்போதும் வரும் அந்தக் கூச்சம் வரவில்லை. நடுவில் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"அதை எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார் அண்ணன் கடைசியில், சிரிப்பு அடங்கி.

"பேப்பர் வெட்டித்தான்."

"பேப்பர் வெட்டியா?" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலையே எம்பிராய்டரி மெஷினோடு வந்த சாஃப்ட்வேரை ஏற்றி, எழுத்துகளை வரிசைப்படுத்தித் தையலாக மாற்றி, முதல் கோட்டை மெஷினில் ஏற்றினாள். முதல் முயற்சி சுருங்கிவிட்டது. அடியில் வைக்கும் கெட்டிக் காகிதம் ஒன்று போதவில்லை. பிரித்தாள். இரண்டு வைத்தாள். எட்டு மணிக்கு மருத்துவர் ஒருவரின் பெயர், வெள்ளையில் நீலமாக, பிசிறில்லாமல் நின்றது.

திங்கட்கிழமை காலை மேற்பார்வையாளர் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார், உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். "மிச்சம் முப்பத்தொன்பதும் வியாழக்கிழமைக்குள்ள வேணும்" என்றார். அதுதான் அவருடைய பாராட்டு.

செவ்வாய்க்கிழமை பதினோராவது கோட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் பன்னிரண்டாவது பெயரைத் திரையில் சரிசெய்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. அண்ணன்.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்லே. நோட்டீஸ் வேலை சீக்கிரமே முடிஞ்சிடுச்சு. மணி ஆறாச்சு. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணாம வச்சிருந்தேன். பழக்கதோஷம்."

பின்னணியில் கடைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. காகிதம் வெட்டுகிறவர் போய்விட்டார் போலிருக்கிறது. மூன்று வருஷமும் ஆறிலிருந்து ஏழுவரை அவர் அந்தக் கடையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவள் யோசித்ததே இல்லை. வேறு வேலையே இல்லாமல், கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபடி, அவள் முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். ஏழு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுத் தெருமுனைவரை கூடவே நடந்து வருவார்.

"ஆஃப் பண்ணிடவா?" என்றார்.

"பண்ணிடுண்ணா" என்றாள். பிறகு, அவர் போனை வைப்பதற்குள், "ஷட்டரை இறக்கிட்டு இப்படியே வாயேன். சும்மாதான். பெயர் எழுதின பேப்பர்ல ரெண்டு பேர் கையெழுத்து எனக்குப் புரியலே, படிச்சுச் சொல்லு" என்றாள்.

"ஏன், உன் வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாதா?"

"அவருக்கு ஆறு மணி ஷிஃப்ட்."

"சரி சரி, வரேன்" என்றார் அண்ணன். "எதையும் தொட மாட்டேன். தள்ளி நின்னு படிக்கிறேன்."